வாணவேடிக்கையும் வாய்ப்பேச்சும்

மார்வெல் நிறுவனத்தின் மாவீரர் படங்களைச் சினிமா என்று ஒப்புக்கொள்வதற்கில்லை, கேளிக்கைப் பூங்காவுக்கே அவை நெருங்கிய உறவு — 2019 அக்டோபரில் இப்படிக் கருத்துரைத்தார் மார்ட்டின் ஸ்கார்செசி. ஐம்பது ஆண்டுக்கும் மேலாகப் படமெடுத்து வருபவர். அமெரிக்கத் திரையுலகம் எழுந்து நின்று வணங்கும் இயக்குநர். சொன்னதுதான் தாமதம், கொதித்தெழுந்தனர் இரசிகர். பெரியவரே தீர்ப்பளித்துவிட்டார், இனி மேல்முறையீடு ஏது என்று முறுவலித்தனர் மறுசாரார்.

நாம் இரு சாராரோடும் சேர மறுக்கிறோம். கேளிக்கைப் பூங்கா என்பது வசைச்சொல்லா என்ன! ஆறு நாள் ஆலையில் நின்று கால் கடுத்தவன், ஏழாம் நாள் மாலை தன் மகளைத் தோளில் தூக்கிச் சென்று, இராட்டினத்தில் ஏற்றி, அவள் கூவக் கேட்டுக் களிக்கிறானே, அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவா முடியும்? களிப்பு குற்றமன்று. களிப்பைத் தரும் கலை இழிந்ததுமன்று. நாம் எழுப்பும் கேள்வி வேறு. இருபது கோடி, முப்பது கோடி டாலர் என்று கொட்டிக் குவித்து, நாலைந்து மாவீரரை ஒரே திரையில் நிறுத்துகிறார்களே, அந்தப் படங்களில் களிப்பு எங்கிருந்து வருகிறது? கொட்டிய பணத்திலிருந்தா, அல்லது பணம் தொடாத ஏதோ ஓர் இடத்திலிருந்தா?

பிறப்பைப் பார்ப்போம் முதலில். 1960-இல் டிசி நிறுவனம், தனித்தனியே விற்றுக்கொண்டிருந்த தன் சித்திரக்கதை நாயகர்களை ஒன்றுகூட்டி ‘ஜஸ்டிஸ் லீக்’ என்றது. 1963-இல் மார்வெல் நிறுவனத்துக்காக ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் ‘அவெஞ்சர்ஸ்’ அணியைப் படைத்தனர். மல்லிகையைத் தனியாக வாங்கியவனும் வாங்குவான், மருக்கொழுந்தைத் தனியாக வாங்கியவனும் வாங்குவான் என்று கதம்பம் கட்டிய பூக்கடைக்காரன் கணக்குதான் இது. மறைப்பானேன்! ஆனால், கட்டியவர்கள் வெறும் வணிகர் அல்லர். கிர்பி, நியூயார்க் நகரின் ஏழைமக்கள் குடியிருப்பில், தையல் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்னரே, 1940-ஆம் ஆண்டின் இறுதியில், ஜோ சைமனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கேப்டன் அமெரிக்கா முதல் இதழின் அட்டையில், இட்லரின் முகத்தில் விழுகிறது ஒரு குத்து! ஆட்சியாளர் வாய் திறக்கத் தயங்கிய நாளில் தூரிகை பேசியது. இந்தத் துணிவின் வாடை இன்றைய படங்களில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பின்னர்க் காண்போம்.

2008-இல் ‘அயர்ன் மேன்’ தொடங்கி, நான்கு ஆண்டுகளில் ஐந்து படங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே நமக்கு அறிமுகம் செய்துவைத்துவிட்டு, 2012-இல் ‘தி அவெஞ்சர்ஸ்’ படத்தில் அறுவரையும் சேர்த்தனர். இயக்கியவர் ஜாஸ் வீடன். செலவு ஏறத்தாழ 22 கோடி டாலர்; உலகெங்கும் குவிந்த வசூல் 152 கோடி டாலர். நியூயார்க் வீதிகள் நொறுங்குகின்றன (அவற்றில் ஒரு பகுதி ஓகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து வீதிகள் என்பது படமாக்கியவர் கைத்திறன்!), வானம் பிளக்கிறது, உலோகத் திமிங்கிலங்கள் பறக்கின்றன. பார்த்தோம், வாய் பிளந்தோம், மெய்தான். ஆயினும் ஆண்டுகள் கழித்து அந்தப் படத்தை எண்ணும்போது நெஞ்சில் எழும் காட்சிகள் எவை?

பறக்கும் கப்பலின் ஆய்வுக்கூடத்தில் நின்று அறுவரில் பெரும்பாலோர் சண்டையிடும் காட்சி எழுகிறது. கையால் அல்ல, வாயால்! செல்வத்திலே புரண்ட டோனி ஸ்டார்க், பட்டாளத்துக் கட்டுப்பாட்டிலே வளர்ந்த ஸ்டீவ் ராஜர்ஸ், தன் சினத்துக்கே அஞ்சி வாழும் அறிவியலார் பேனர், வேற்றுலகத்து இளவரசன் தோர் — ஒருவரை ஒருவர் நம்பவில்லை. நம்பாமைக்குக் காரணமும் இருக்கிறது. உலகைக் காக்க வாருங்கள் என்று அவர்களைக் கூட்டிய நிறுவனமே, மறைவில் பேரழிவு ஆயுதம் செய்துகொண்டிருந்தது அந்தக் கூடத்தில்தான் அம்பலமாகிறது. ஒருவர் கணினியைத் துருவிக் கண்டுபிடிக்கிறார். மற்றவர் கிடங்கை உடைத்துக் கண்டுபிடிக்கிறார். இருவர் வழியும் வேறு, வந்து சேர்ந்த உண்மை ஒன்று. ஓர் அறை, சில நடிகர், கூரிய பேச்சு; இதற்கு எத்தனை கோடி ஆகியிருக்கும்?

அடுத்து, நான் கடவுள் என்று மார்தட்டுகிறான் லோகி. பேசி முடிக்க விடவில்லை ஹல்க். காலைப் பற்றித் துணி துவைப்பதுபோல் தரையில் இப்படியும் அப்படியும் அடித்துப் போட்டுவிட்டு, அற்பக் கடவுள் என்ற பொருள்பட ஒரு முனகலோடு நடக்கிறது அந்தப் பச்சை உருவம். கொட்டகை அதிர்ந்தது! ஆண்டவனைக் குறித்து ஐயம் கொள்ளாத அன்பர்களும் சேர்ந்துதான் கைதட்டினர். அச்சுறுத்திப் பணிய வைக்க வந்த ஒருவன் அடிவாங்கும்போது, எவனாயினும் மனிதன் மகிழ்கிறான்.

அதன்பின், தலைவன் வேலையைப் பகிர்ந்தளிக்கும் சில நொடிகள். வில்லாளி கூரையின் மேலே நின்று கண்காணிக்க, பறக்கத் தெரிந்தவன் எல்லையைக் காக்க, இடியை ஆள்பவன் வானத்து வாயிலை அடைக்க, எஞ்சியோர் தரையில். ஹல்குக்கு மட்டும் ஒரே சொல்லில் கட்டளை: நொறுக்கு! திறமை வேறு வேறானவர்க்குத் தகுந்த பணி பிரித்துத் தரப்படும் அந்த நேரத்தில், வில்லும் அம்பும் மட்டுமே உடைய மனிதன், இடியை ஆள்பவனுக்குச் சரிநிகராக நிற்கிறான். தனி நாயகன் படம் எத்தனை எடுத்தாலும் இந்த இன்பம் அதில் கிட்டாது. அங்கே மற்றவரெல்லாம் நாயகனுக்குக் குடை பிடிப்பவர். இங்கே ஒருவன் குறையை மற்றவன் நிறைக்கிறான்.

முடிவில், பெயர்ப்பட்டியல் ஓடி அடங்கிய பின், இடிந்த கடையொன்றில் அமர்ந்து அறுவரும் ஷவர்மா தின்கின்றனர். பேச்சில்லை, களைப்பு, மெல்லும் ஓசை. படத்தின் முதல் சிறப்புக் காட்சி நடந்தேறிய மறுநாள் எடுத்துச் சேர்த்த துணுக்கு அது. வேறொரு படத்துக்காகத் தாடி வளர்த்திருந்த கிறிஸ் எவன்ஸ், பொய்த் தாடை ஒட்டி, கையால் முகத்தை மறைத்தபடி அமர்ந்திருக்கிறார். அமெரிக்க இரசிகன் அதை இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். வானம் பிளந்ததற்கு ஆன செலவும் இதற்கு ஆன செலவும் ஒப்பிடத் தக்கனவா!

பணத்தில் இல்லை களிப்பு என்பதற்கு மறுபக்கச் சான்றும் உண்டு. 2017-இல் வந்தது ‘ஜஸ்டிஸ் லீக்’. செலவு ஏறத்தாழ 30 கோடி டாலர் — முன்னதை விஞ்சியது. சூப்பர் மேன், பேட்மேன், வொண்டர் வுமன் என்று உலகறிந்த பெயர்கள். வசூல் 65 கோடி டாலரைச் சற்றே தாண்டி நின்றுவிட்டது. ஏன்? அணியில் பாதிப்பேரை அந்தப் படத்திலேதான் நமக்கு அறிமுகம் செய்தனர். அறிமுகம் முடியுமுன் உலகைக் காக்க ஓடவிட்டனர். பழகாத ஐவர் ஒன்றாக நிற்பது தொடர்வண்டி நிலையக் கூட்டம், அணியாகுமா? குடும்பத்தில் நேர்ந்த பெருந்துயரால் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் பாதியில் விலக, அதே ஜாஸ் வீடன் வந்து தைத்து முடித்தார். ஒட்டுப் போட்ட சட்டை. 2021-இல் ஸ்னைடரின் சொந்த வடிவம், நான்கு மணி நேரத்துக்கும் மேலாக, வெளிவந்தது. சைபார்க் என்ற கறுப்பின இளைஞனின் துயரக் கதை அதில்தான் முழுமை பெற்றது. முன்னதில் அதை வெட்டித் தள்ளியிருந்தனர். பின்னது மேலான படம் என்பதே நம் கருத்து. ஆனாலும் அங்கே சிரிப்புக்குப் பஞ்சம். எல்லோரும் கற்சிலை போல் நிற்கின்றனர். சிலைகள் ஒன்றையொன்று கேலி பேசுவதில்லை.

பேச்சின் மதிப்பைப் பட முதலாளிகள் அறியாதவரல்லர். 2019-இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ தமிழ்பேசி வந்தபோது, உரையாடல் எழுத இயக்குநர் ஏ. ஆர். முருகதாசை நாடினர், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும், பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா ஜெரமையாவும் குரல் தந்தனர். வெடிச் சத்தத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். வேண்டியது பேச்சுக்கு.

இந்த இடத்தில்தான் நம் குற்றச்சாட்டு தொடங்குகிறது. பேச்சில் களிப்பு இருக்கிறது என்று அறிந்தும், பேச்சு வாதமாக வளரும்போது இந்தப் படங்கள் அஞ்சி ஓடுகின்றன.

சென்ற ஆண்டு ஒருநாள், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், மணியடித்த பிறகு நின்று கேட்டான்: “ஐயா, தானோஸ் சொன்னது சரிதானே?” விளையாட்டுக்குக் கேட்கவில்லை, முகத்தில் கவலை இருந்தது. 2018-இல் வந்த ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தின் பகைவன் தானோஸ். உயிர்கள் பெருகுகின்றன, வளமோ அளவுடையது, ஆகவே பாதி உயிர்களை அழித்தால் மீதிப் பாதி செழிக்கும் என்பது அவன் கணக்கு. விரலைச் சொடுக்குகிறான், பாதி உலகம் தூளாகி உதிர்கிறது. மாணவன் சொன்னான்: “கொன்றது தப்புதான் ஐயா. ஆனால் கணக்கு சரிதானே?”

திடுக்கிட்டோம். இரண்டரை மணி நேரப் படம். உடன்வந்த ‘எண்ட்கேம்’ மூன்று மணி நேரம். ஐந்தரை மணி நேரத்தில் அந்தக் கணக்குக்கு விடை உண்டா என்று நினைவைத் துழாவிப் பார்த்தோம். உனக்கு அது தெரியாது என்று வளர்ப்பு மகள் கமோரா கதறுகிறாள், அவ்வளவே. மற்றவரெல்லாம் முட்டியால் விடை சொல்கின்றனர். அதுமட்டுமா! ‘எண்ட்கேம்’ படத்தில், கப்பல்கள் குறைந்து நீர் தூய்மையாகிவிட்டது, ஹட்சன் ஆற்றில் திமிங்கிலங்களைக் கண்டேன் என்று கேப்டன் அமெரிக்காவே சொல்கிறார். நாயகன் வாயாலேயே பகைவனுக்குச் சான்றிதழ்!

கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். 2018-இல் உலக மக்கள் தொகை 760 கோடிக்கும் மேல். பாதி 380 கோடி. அது எந்த ஆண்டின் தொகை? 1970-களின் தொடக்கம்! தானோஸ் அத்தனை கோடிப் பேரைக் கொன்று உலகுக்கு வழங்கியது, நம் பாட்டனார் இளமையில் வாழ்ந்த காலத்தின் மக்கள் தொகையைத்தான். அந்நாளில் பசி இல்லையா? பஞ்சம் இல்லையா? இருந்தன, இன்றைவிட மிகுதியாகவே இருந்தன. பாதிப் பேர் மாண்டால் உழுபவரில் பாதி, மருத்துவரில் பாதி, நெய்பவரில் பாதி மாள்கின்றனரே, விளைச்சல் மட்டும் எப்படி முழுதாக நிற்கும்? இந்த அச்சத்தை 1798-லேயே இங்கிலாந்தில் எழுதிவைத்தார் மால்தஸ் என்ற பாதிரியார். உணவு பெருகும் வேகத்தை விஞ்சி மக்கள் பெருகுவர் என்றார். அதன்பின் மக்கள் பெருகினர். உணவோ அவர்களையும் விஞ்சிப் பெருகிற்று. 1960-களின் இறுதியில் ஆண்டுக்கு 2 விழுக்காட்டையும் தாண்டியிருந்த உலக மக்கள் பெருக்கம் இன்று 1 விழுக்காட்டுக்கும் கீழே. குறைத்தவன் எந்தக் கொலைகாரனுமல்லன். பெண்கள் பள்ளிக்குச் சென்றனர்; பிறந்த குழந்தைகள் தடுப்பூசியால் பிழைத்தன; எத்தனை பிள்ளை என்று தீர்மானிக்கும் உரிமையும் வழியும் பெற்றோர் கைக்கு வந்தன. விரல் சொடுக்காமல் நடந்த வேலை இது!

மாணவன் முகம் தெளிந்தது. வேறொன்றும் கேட்டான்: “நினைத்ததைச் செய்யும் கல் ஆறும் கையில் இருந்ததே ஐயா, பாதியைக் கொல்லாமல் சோற்றை இரண்டு மடங்கு ஆக்கியிருக்கலாமே?” கதாசிரியர்கள் கேட்டுக்கொள்ளாத கேள்வி!

இதில் வேடிக்கை என்னவெனில், 1991-இல் ஜிம் ஸ்டார்லின் எழுதிய மூலச் சித்திரக்கதையில் தானோசுக்கு இந்த வாதமே இல்லை. சாவு என்ற பெண்ணுருவின் மேல் காதல் கொண்டு, அவளை மகிழ்விக்கவே அழிக்கிறான். அதை மாற்றிப் பகைவன் வாயில் ஒரு வாதத்தை வைத்தவர்கள் படக்காரர்களே. பாராட்டுகிறோம். ஆனால் வாதத்தை ஏற்றியவர் எதிர்வாதத்தையும் ஏற்றியிருக்கவேண்டுமல்லவா? ஆய்வுக்கூடத்து வாய்ச்சண்டை எத்துணைச் சுவையாக இருந்தது! மேதை ஸ்டார்க்கும், அறிவியலார் பேனரும் ஐந்து நிமிடம் தானோசோடு வாதிட்டிருந்தால் படத்தின் சுவை குன்றியிருக்குமா? மிகுந்திருக்கும். ‘எண்ட்கேம்’ வசூல் 280 கோடி டாலர். 2021 வரை உலகிலேயே அதுதான் முதலிடம். அந்தப் பணத்தை எண்ணியவர்க்கு இந்தக் குறை தென்படாது. கண்டவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன்.

2016-இல் வந்த ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படமும் இதே நோய்க்கு ஆளானது. தொடக்கம் எத்துணைச் சிறப்பு! மாவீரர் இனித் தம் விருப்பப்படி எந்த நாட்டிலும் புகுந்து போரிடலாகாது, உலக அவையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட வேண்டும் என்று 117 நாடுகள் ஒப்பந்தம் போடுகின்றன. ஸ்டார்க் ஆம் என்கிறார், ராஜர்ஸ் மறுக்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. மகனை இழந்த தாய் ஒருத்தி, ஸ்டார்க்கை வழிமறித்து, நீ காத்ததாகச் சொல்லும் போரில்தான் என் பிள்ளை மாண்டான் என்று படத்தை மார்பில் வைத்து அழுத்துகிறாள். வலிமைக்குக் கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு என்ற பெருங்கேள்வி அங்கே எழுந்து நிற்கிறது. ஆனால், போகப் போக அது ‘என் தாயைக் கொன்றவன் உன் நண்பன்’ என்ற சொந்தப் பகையாகச் சுருங்குகிறது. ஒப்பந்தம் காற்றில் போயிற்று.

அந்தத் தாய் அரிதான விதிவிலக்கு. இந்தப் படங்களில் பொதுமக்களுக்கு வாய்த்த வேலை இரண்டே: ஓடுவது, காப்பாற்றப்படுவது. 2004-இல் சாம் ரெய்மி எடுத்த ‘ஸ்பைடர்-மேன் 2’ அணிப் படமன்று. ஓடும் தொடர்வண்டியைத் தன் உடலால் நிறுத்திவிட்டு மயங்கி விழுகிறான் இளைஞன். பயணிகள் அவனைத் தலைக்குமேல் ஏந்திச் சென்று கிடத்துகின்றனர். முகமூடி கழன்ற முகத்தைப் பார்த்து, நம் பிள்ளை வயதுதானே என்று வியக்கின்றனர். பகைவன் வந்ததும், வெறுங்கையோடு இருந்த அந்த மக்கள் ஒவ்வொருவராக இடையில் வந்து நிற்கின்றனர். அறுவரைச் சுற்றிச் சுழலும் ஒளிப்படக் கருவி தராத சிலிர்ப்பை அந்தப் பெட்டி தந்தது. ஏழாவது உறுப்பினராக மக்களைச் சேர்க்க ஏன் மனமில்லை இந்த அணிகளுக்கு?

அணிக்குள்ளேயும்தான் என்ன வாழ்கிறது! 2012-இல் அறுவரில் ஒருத்தியே பெண். பெண்ணை நடுநாயகமாக வைத்து மார்வெல் எடுத்த முதல் படம், 2019-இல் வந்த இருபத்தோராவது படம். ‘எண்ட்கேம்’ இறுதிப் போரில் பெண்கள் எல்லோரும் ஒரு சட்டகத்தில் கூடி நிற்கும் நொடிகள் வரும், கைதட்டலும் எழும். பதினோர் ஆண்டுக் கடனுக்குப் பத்து நொடி வட்டி!

திரைக்குப் பின்னே உள்ள அணியையும் சொல்லவேண்டும். படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓடும்போது மார்வெல் இரசிகன் எழுந்து போவதில்லை. கடைசித் துணுக்குக்காகக் காத்திருக்கிறான். கண்முன்னே ஆயிரக்கணக்கில் பெயர்கள் ஏறிச் செல்கின்றன. இரவு பகலாகக் கணினிமுன் அமர்ந்து வானத்தைப் பிளந்தவர்கள், ஹல்கின் தோலுக்கு மயிர்க்கால் இட்டவர்கள். அந்தத் தொழிலாளருள் மார்வெல் நிறுவனத்திலேயே பணியாற்றிய காட்சி வரைகலைப் பிரிவினர், 2023 செப்டம்பரில், வாக்களித்தோர் அனைவரும் ஒருமனதாக ஆதரிக்க, தொழிற்சங்கத்தில் இணைந்தனர். ஜாக் கிர்பியின் வாரிசுகள் உரிமை கேட்டு நடத்திய வழக்கு சமரசத்தில் முடிந்தது 2014-இல். கிர்பி மறைந்து இருபது ஆண்டுக்குப் பின். ஒன்றுபட்டால் வெல்லலாம் என்று திரையில் காட்டிய நிறுவனத்துக்கு, அந்தப் பாடத்தைத் தொழிலாளர் திருப்பிப் படித்துக் காட்டியபோது எப்படி இருந்ததோ!

2019-க்குப் பின் களிப்பு வற்றியது. படத்துக்குப் படம் முன்கதை. படம் பார்க்குமுன் தொலைக்காட்சித் தொடர் பார்த்தாக வேண்டும். வீட்டுப்பாடம் கொடுக்கும் நம்மைவிடக் கொடியவர்களாகிவிட்டனர் பட முதலாளிகள். 2023-இல் வந்த ‘தி மார்வெல்ஸ்’ 20 கோடி டாலரை ஒட்டி வசூலித்து, அந்த வரிசையிலேயே கடைசியில் நின்றது.

ஆனால் 2025 மே மாதத்தில் ‘தண்டர்போல்ட்ஸ்’ வந்தது. ஜேக் ஷ்ரையர் இயக்கம். தோற்றவர்கள், தவறிழைத்தவர்கள், எவரும் விரும்பாதவர்கள் கூடிய அணி. இவர்களுக்குப் பறக்கத் தெரியாது, பேசத் தெரிகிறது. பகைவனாக எழுவது பாப் என்ற நலிந்த இளைஞனின் உள்ளத்து இருள். ஊரையே விழுங்குகிறது அது. அடித்து வெல்ல முடியாது. அடிக்க அடிக்க அவனே அதற்குள் மூழ்குகிறான். எலீனா என்ற பெண் முதலில் ஓடிச்சென்று அவனைப் பிடித்துக்கொள்கிறாள்; பின்னர் ஒருவர்பின் ஒருவராக மற்றவரும் வந்து கட்டிக்கொள்கின்றனர். ஓங்கிய கை தாழ்கிறது. இத்தனை ஆண்டு அணிப்படங்களில் இறுதிப் போர் அணைப்பில் முடிந்தது இங்கேதான் என்று நினைக்கிறோம். வசூல் 40 கோடி டாலரை எட்டவில்லை.